மூக்கால் பேசினவள்

ஹாஸ்டல் வார்டன் வேலைக்குப் புதுசா வந்திருக்கற கண்ணுகளுக்கு ஒண்ணு சொல்லோணும். சோத்து அளவு, கேட்டுச் சாவி, யாருக்கு எந்த ஷிப்டு, இதெல்லாம் கொஞ்ச நாளில் தானாக் கைக்கு வந்துரும். பயத்தை எப்படி மேய்க்கறதுன்னு மட்டும் எந்தக் கம்பெனியிலும் சொல்லித்தர மாட்டாங்க. பிள்ளைங்க கூட்டமா இருக்கற இடத்தில் பயம் ஆட்டு மந்தை மாதிரி. ஒண்ணு எந்தப் பக்கம் திரும்புதோ, அத்தனையும் அந்தப் பக்கம் ஓடும். நீங்க முன்னாலே ஓடவும் கூடாது, பின்னாலே நின்னு கத்தவும் கூடாது.

நான் முதலிபாளையத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டலுக்கு வார்டனா இருந்தவள். படிப்புன்னு பார்த்தா என்ர பேரை எழுதுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இதையும் அப்படித்தான் எழுதறேன், நீங்களும் மெதுவாவே படியுங்க. படிப்புதான் இல்லையே தவிர, பிள்ளையைக் கொண்டாந்து எம்பட கையில் விட்ட அப்பன் ஆத்தா, திரும்பிப் பார்க்காம பஸ் ஏறுவாங்க. அந்த நல்ல பேரை யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கலை. நானாச் சம்பாதிச்சது.

இப்ப உங்க பிள்ளைங்க ஆளுக்கொரு போன் வெச்சுட்டு, போர்வைக்குள்ளே தனியாப் பேய்ப் படம் பார்க்குதுங்க. பாதியில் நிறுத்திட்டுப் போய்ச் சோறு தின்னுட்டு வந்து மீதியைப் பார்க்குதுங்க. நிறுத்தினா நிக்கற பேய்க்கு யாருங்க பயப்படுவாங்க.

எங்க ஹாஸ்டலில் ஹாலுக்கு ஒரே டிவிப் பெட்டி. கறுப்பு வெள்ளை. மரச் சட்டத்தில், இழுத்து மூடற கதவு வெச்சது. முதலாளி ஊட்டில் கலர் டிவி வாங்கினதும் இது எங்களுக்கு வந்துச்சு. ஊரே கலருக்கு மாறின காலம் அது. பிள்ளைங்க மூஞ்சி சுண்டிப் போச்சு. முதலாளி ஊட்டுக்காரங்க யாரோ பெட்டிக்கு முன்னாலே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டி வெச்சிருந்தாங்க. மேலே நீலம், நடுவில் சிவப்பு, அடியில் பச்சை. சினிமாப் பாட்டு ஓடினா பாடறவனுக்குத் தலை நீலம், வயிறு சிவப்பு, கால் பச்சை. சாயப்பட்டறைத் தொட்டிக்குள்ளே விழுந்து எந்திரிச்சவன் கணக்கா ஆடுவான். பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்தத் தாளைக் கழட்டிருவோம். கேபிள்காரர் அந்த நேரத்துக்கு ஒரு பழைய பேய்த் தொடர் போடுவார். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்த தொடர். மலை மேல ஒரு பங்களா, வளைஞ்சு ஏறற படிக்கட்டு, கையில் விளக்கோடு எறங்கி வர்ற ஒரு பொம்பளை. பல வாரம் அவளோட முகத்தையே காட்டலை. பேசினா மூக்கால் பேசுவாள். அந்தச் சத்தம் வந்தா, சோத்துப் பாத்திரம் கழுவற பிள்ளைகூட கையை நிறுத்திரும்.

கலரில் பயம் வராதுங்க. ரத்தத்தைக் காட்டினா, இது சாயம்னு திருப்பூர்க்காரிக்குத் தெரிஞ்சு போயிரும். கறுப்பு வெள்ளையில் ரத்தம் கறுப்பாத்தான் வரும். அது ரத்தமா, தண்ணியா, நிழலான்னு நம்ம மனசுதான் முடிவு பண்ணோணும். மனசு எப்பவும் பெருசாத்தான் முடிவு பண்ணும்.

ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி வெளிச்சத்தை அடைப்பாங்க. புதுசா வந்த பிள்ளைங்களை முன்வரிசையில் உட்கார வைப்பாங்க. தொடர் முடிஞ்சு பெட்டியை அமத்தினா, படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நிக்கும். அது மறையற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது. மறைஞ்சதும் அத்தனை பேரும் ஒண்ணாச் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பை இப்ப நெனச்சாலும் எனக்கு ஏக்கமா இருக்கு.

இதைப் பார்த்துப் பிள்ளைங்க கெட்டுப்போகுதுங்கன்னு மேனேஜர் ஒருதரம் சொன்னார். நான் விட்டுக்கொடுக்கலை. வாரம் பூரா அந்தப் பிள்ளைங்க பயந்துட்டுத்தான் இருக்குதுங்க. மெஷின் ஊசிக்கு, சூப்பர்வைசர் வாய்க்கு, ஊரில் இருந்து வர்ற போனுக்கு. ஞாயித்துக்கிழமைதான் அவங்களா ஆசைப்பட்டுப் பயப்படறாங்கன்னு சொன்னேன். நானும் பயந்தவதான். கதவோரம் நாற்காலி போட்டு, சாவிக்கொத்தை இறுக்கிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருப்பேன். வார்டனம்மா காவலுக்கு இருக்காங்கன்னு பிள்ளைங்க நெனச்சுக்கும்.

மழைக்காலத்து ஞாயித்துக்கிழமை ஒண்ணில்தான் இது நடந்துச்சு.

ஜெயராணின்னு ஒரு பிள்ளை. தேனிப் பக்கம் மலையடிவாரத்து ஊர். வேதக்காரங்க. செக்கிங் செக்சனில் இருந்தாள். பேசறதே காத்துக் கணக்கா இருக்கும், கிட்டப் போய்க் கேக்கோணும். காலையில் எந்திரிச்சதும் வயித்து வலின்னாள். ரெண்டு வாய் இட்லி தின்னவள் வாந்தி எடுத்தாள். தொண்டை அடைக்குதுன்னாள். முந்தின நாள் சாப்பாடு சேரலைன்னு நெனச்சு ஓமத் தண்ணி காய்ச்சிக் கொடுத்து, என்ர கண்ணுக்கு முன்னாலேயே கெடக்கட்டும்னு ஹாலில் பின்சுவரோரமா பாய் போட்டுப் படுக்க வெச்சேன். அங்கதான் போர்வை மூட்டையெல்லாம் அடுக்கியிருக்கும். ராத்திரியும் அவள் அங்கேதான் தரையில் படுத்திருந்தாளாம்.

மத்தியானம் தொடர் ஆரம்பிச்சுது. அன்னைக்குத்தான் அந்தப் பொம்பளை முகத்தைக் காட்டப் போறாள்னு போன வாரமே சொல்லியிருந்தாங்க. ஹால் நெறஞ்சு போச்சு. ஜன்னல் எல்லாம் அடைச்சாச்சு. அவள் படிக்கட்டில் நின்னாள். மெல்லத் திரும்பினாள். கண்ணிமை பாதி தொங்கிட்டு, உள்ளே வெள்ளை மட்டும் தெரிஞ்சுது. வாயோரம் எச்சில் வழிஞ்சுது. மூக்கால் ஏதோ சொன்னாள்.

அவள் சொல்லி முடிக்கறதுக்குள்ளே, எங்களுக்குப் பின்னாலே அதே மாதிரி மூக்குச் சத்தம் வந்துச்சு. "யம்மா... தண்ணி..."

அத்தனை பேரும் திரும்பினோம். ஜெயராணி சுவரில் சாஞ்சு உட்கார்ந்திருந்தாள். தலை ஒரு பக்கம் தொங்குது. இமை ரெண்டும் பாதி எறங்கி, வெள்ளை மட்டும் தெரியுது. வாயோரம் எச்சில். பெட்டி வெளிச்சம் மட்டும் அவள் மேலே விழுந்துட்டு இருந்துச்சு. அவளும் கறுப்பு வெள்ளையாவே இருந்தாள்.

அலறல்னா அப்படி ஒரு அலறல். முன்வரிசை மேலே பின்வரிசை விழுந்துச்சு. யாரோ காலில் கேபிள் வயர் மாட்டி, படம் போய்ப் பெட்டி பூரா எறும்பாட்டம் புள்ளி ஊர்ந்துச்சு. எந்திரிக்க நெனச்சும் எந்திரிக்க முடியலை. அப்படியே உட்கார்ந்த வாக்கில் கையை நீட்டி, பக்கத்து ஜன்னல் போர்வையைப் பிடிச்சு இழுத்தேன். வெயில் வந்தா எல்லாம் சரியாப் போயிரும்னு ஒரு எண்ணம். வெளிச்சத்தில் பழையபடி எங்க பிள்ளையாத் தெரிவாள்னு.

வெயில் வந்துச்சு. அவள் கண்ணு தொறக்கலை. எனக்கு நெசமான பயம் அப்பத்தான் வந்துச்சு.

பாண்டியம்மான்னு ஒருத்தி. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் டெய்லர், பிள்ளைங்களுக்கெல்லாம் பெரியவள். சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசற வாய். அவள்தான் முதலில் கிட்டப் போனாள். போனவள், ஜெயராணி உச்சிமயிரைக் கொத்தாப் பிடிச்சுட்டாள்.

"யாருடி நீ? எந்த ஊர்க்காரி? எதுக்கு இந்தப் பச்சப்புள்ளயப் புடிச்ச? பேரச் சொல்லு."

ஜெயராணி வாய் அசைஞ்சுது. மூக்கில் ஒரு முனகல் வந்துச்சு.

"சொல்ல மாட்டேங்குதும்மா. கள்ளப்பேயி," அப்படின்னாள் பாண்டியம்மா.

அதுக்குள்ளே ஒருத்தி வேப்பங்கொத்து ஒடிச்சுட்டு வந்துட்டாள். வேதக்காரப் பிள்ளைங்க ரெண்டு பேர், இது எங்க பிள்ளை, ஜெபம் பண்ணினாத்தான் போகும், வேப்பலையைக் கிட்டக் கொண்டு வராதீங்கன்னு மறிச்சாங்க. வீரபாண்டியில் ஒரு பூசாரி இருக்கார், என்ர அத்தைக்கு ஒரே நாளில் எறக்கி விட்டார், அவரை இங்கேயே கூட்டிட்டு வரலாம்னு இன்னொருத்தி சொன்னாள். எல்லாரும் அதுக்குத் தலையாட்டினாங்க. வெளியே கொண்டு போகக் கூடாதுங்கறதில் மட்டும் அத்தனை பேரும் ஒண்ணா இருந்தாங்க. தொடரில் ரெண்டு வாரத்துக்கு முன்னாலே பேய் பிடிச்ச பொண்ணு ஒருத்தியை வாசப்படி தாண்டித் தூக்கிட்டுப் போனாங்க, தாண்டினதும் அவள் செத்துப் போனாள். அதைப் பார்த்த பிள்ளைங்க இப்ப வாசலை அடைச்சு உட்கார்ந்துட்டாங்க. கையைக் கோத்துட்டு, அழுதுட்டு, நகர மாட்டேன்னு உட்கார்ந்துட்டாங்க. கெட்ட எண்ணம் ஒருத்தருக்கும் இல்லை. அவளைக் காப்பாத்தறோம்னுதான் அடைச்சாங்க.

நான் அந்த ஹாஸ்டலுக்கு வந்த புதுசில் எனக்கு முன்னாலே வார்டனா இருந்த அம்மா ஒண்ணு சொல்லியிருந்தாங்க. பயந்தவகிட்டப் போய்ப் பயப்படாதேன்னு சொல்லாதே, பேய் இல்லைன்னும் சொல்லாதே, ரெண்டில் எதைச் சொன்னாலும் அவ உன்னை நம்ப மாட்டா, பேயைத்தான் நம்புவா, அவ கையில் ஒரு வேலையைக் கொடு, அப்படின்னு. அதைக் கேட்டப்ப, இதென்ன பெரிய புத்தின்னு நெனச்சேன்.

ஜெயராணி கிட்டப் போய் உட்கார்ந்தேன். பாண்டியம்மா மயிரை விடலை. நான் ஜெயராணி கையைத் தூக்கிப் பிடிச்சேன். விட்டதும் ஈரத்துணி மாதிரி பொத்துன்னு விழுந்துச்சு. மூக்குக்கிட்டப் புறங்கையை வெச்சுப் பார்த்தேன். மூச்சு அடிவயித்துக்கே போகலை, நெஞ்சு மேலேயே நின்னு திரும்புச்சு. எங்க ஊர்ப் பக்கம் எத்தனையோ சாமியாட்டம் பார்த்தவள் நான். பேய் ஓட்டறதையும் பார்த்திருக்கேன். சாமி வந்தாலும் சரி, பேய் வந்தாலும் சரி, உடம்புக்குப் பலம் கூடும். நாலு ஆம்பளைங்க சேர்ந்தாலும் பிடிக்க முடியாது. இவளுக்கு இருக்கற பலமும் எறங்கிட்டு இருந்துச்சு.

அதுக்காகப் பேய் இல்லைன்னு தெளிஞ்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க கண்ணுகளா. அந்தக் கண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு முதுகு சில்லிட்டுட்டேதான் இருந்துச்சு. என்ன நோவுன்னும் தெரியலை, எது பிடிச்சுதுன்னும் தெரியலை. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது. பேய் காத்திருக்கும். மூச்சு காத்திருக்காது.

பாண்டியம்மாகிட்டச் சொன்னேன். "பேயின்னே வெச்சுக்குவோம் கண்ணு. பேயா இருந்தா அதுவும் வண்டியில வரட்டும். ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லேன்னு சொன்னா அப்படியே வீரபாண்டிக்கு வண்டியத் திருப்பிக்கலாம். பூசாரி நாளைக்கும் இருப்பாரு."

"வாசப்படி தாண்டுனா உசிரு போயிரும்மா," அப்படின்னாள்.

"போனா அந்தப் பாவம் எம்பட தலையில. நீ தலைமாட்டப் பிடி. அது யாரையாச்சும் அடிக்கறதா இருந்தா மொதல்ல உன்னையத்தான் அடிக்கும், உனக்குத்தான் வாய் சாஸ்தி."

என்னை முறைச்சாள். முறைச்சுட்டே மயிரை விட்டுட்டுத் தலைமாட்டைப் பிடிச்சாள்.

வேப்பலைக்காரியைப் பார்த்து, நீ வண்டியில் தலைப்பக்கம் வேப்பலை பரப்புன்னேன். ஜெபக்காரப் பிள்ளைங்களை, கால்மாட்டில் உட்கார்ந்து நிறுத்தாம ஜெபம் பண்ணுங்கன்னேன். வாசலை அடைச்சு உட்கார்ந்திருந்ததில் ரெண்டு பேரை ரோட்டுக்கு ஓடி எந்த வண்டி வந்தாலும் மறிக்கச் சொன்னேன். வேலை கையில் வந்ததும் ஒவ்வொருத்தியா எந்திரிச்சாள். வாசல் தானாத் தொறந்துச்சு.

தூக்கறதில் ஒரு கூத்து நடந்துச்சு. எங்க போர்வையெல்லாம் கம்பெனியில் மிஞ்சின பனியன் துணியில் தெச்சது. அவளை அதில் வெச்சு நாலு மூலையும் பிடிச்சுத் தூக்கினா, துணி நீண்டு நீண்டு அவள் தரையிலேயே கெடக்கறாள். நாங்க நிமிர்ந்துட்டோம், அவள் ஏறலை. பேய் கனக்குதுன்னு ஒருத்தி அலறிட்டாள். காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்தத் துணியை இழுத்து இழுத்துப் பார்க்கற வேலை செய்யற பிள்ளைங்க. பனியன் துணி இழுபடும்னு அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரலை, எனக்கும் வரலை. பாண்டியம்மாதான், இது துணியோட கொணம்டி, பாயோட தூக்குங்கன்னாள். கோரைப்பாயோட தூக்கினோம்.

வாசப்படியை நான்தான் முதலில் தாண்டினேன், அவள் முகத்தைப் பார்த்துட்டே பின்பக்கமா. பாய் தாண்டறப்ப ஒருத்தரும் மூச்சு விடலை. தாண்டினதும் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் அவள் மூக்கில் கை வெச்சுப் பார்த்துட்டுத் தலையை ஆட்டினேன். மறுபடியும் நடந்தாங்க.

ஞாயித்துக்கிழமை மேனேஜர் சொல்லாம கேட்டைத் தொறக்க மாட்டாங்க. வாட்ச்மேன் அதில் கறாரானவர். ஆனா வேப்பங்கொத்தும், அழுகையும், ஜெபமும், தொங்கற தலையும் சேர்ந்து வர்றதைப் பார்த்தவர், ஒரு வார்த்தை கேக்காம கேட்டை முழுசாத் தொறந்து விட்டுட்டு, அதுக்குப் பின்னாலேயே நின்னுட்டார். அந்த ஒரு இடத்தில் பேய் எங்களுக்கு ஒத்தாசை பண்ணுச்சு.

ரோட்டில் பிள்ளைங்க ஒரு டெம்போவை மறிச்சு வெச்சிருந்தாங்க. பக்கத்துக் கம்பெனிக்குத் துணி ரோல் எறக்கிட்டுத் திரும்பற வண்டி. டிரைவர் நம்ம பக்கத்துப் பையன். பாயைப் பார்த்துட்டு என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ஏனுங்கம்மா, பேய ஏத்தினா வண்டி ஓடுமுங்களா?" அப்படின்னான். டீசல் இருந்தா ஓடும் சாமின்னு சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.

அவள் தலை என்ர மடியில். வழியெல்லாம் குழியில் மழைத் தண்ணி. வண்டி தூக்கிப் போடறப்பெல்லாம் அவள் தலை உருண்டுச்சு. உதடு வெளிறி, அப்புறம் ஊதாவாப் போச்சு. பாண்டியம்மா அடங்கலை. குனிஞ்சு அவள் காதோரமா, யாரு நீ, இப்பவாச்சும் பேரச் சொல்லிருன்னு கெஞ்சிட்டே வந்தாள். அதட்டல் போய்க் கெஞ்சலா மாறியிருந்துச்சு. கொஞ்ச தூரம் போனதும் அந்த முனகலும் நின்னு போச்சு. நான் கையை அவள் மூக்குக்கிட்டயே வெச்சிருந்தேன். சில நேரம் கையில் படறது வண்டிக் காத்தா, மூச்சுக் காத்தான்னே தெரியலை. அந்த ரோட்டை விட நீளமான ரோடு நான் பார்த்ததில்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா வந்து, விரலால் இமையைத் தூக்கிப் பார்த்தாங்க. ராத்திரி எங்க படுத்திருந்தாள்னு கேட்டாங்க. தரையிலன்னேன். காலையில் வயித்து வலியான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். மேற்கொண்டு எங்களை ஒண்ணும் கேக்கலை, தொண்டையில் குழாய் போடச் சொல்லிட்டுத் தள்ளிட்டுப் போயிட்டாங்க. அப்புறம்தான் வந்து சொன்னாங்க, கட்டுவிரியன் கடிச்சிருக்குன்னு. தூக்கத்தில் கடிச்சா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காதாம், பல்லுக் குறியும் தெரியாதாம். வயித்தை வலிக்கும், இமை தொங்கும், குரல் மூக்கில் போகும், கடைசியில் மூச்சு நிக்கும்.

சாயங்காலம் வாட்ச்மேன் ஆளைக் கூட்டிட்டு வந்து ஹாலை அலசினார். பின்சுவரோரம் போர்வை மூட்டைக்கு அடியில் பாம்பு சுருண்டு கெடந்துச்சாம். நாங்க அத்தனை பேரும் பெட்டியைப் பார்த்து வாயைப் பொளந்துட்டு உட்கார்ந்திருந்தப்ப, அது எங்களுக்குப் பின்னாலேதான் இருந்திருக்கு. அந்த மூட்டையில் இருந்து உருவின போர்வையைத்தான் ஜன்னலுக்குக் கட்டியிருந்தோம். இதை எழுதறப்பவும் எனக்குக் கை கூசுது.

டிவியைத் தூக்கிரணும்னு கம்பெனியில் பேச்சு வந்துச்சு. அது கடிக்கலீங்களேன்னு சொன்னேன், விட்டுட்டாங்க. தரையில் படுக்கறதை நிறுத்திக் கட்டில் வாங்க வெச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை தொடர் போட்டாங்க. மந்திரவாதி அந்தப் பொம்பளையைக் கட்டி வெச்சு, யாரு நீன்னு கேட்டான். பாண்டியம்மா எந்திரிச்சு வெளியே போயிட்டாள். மத்தவங்க பார்த்தாங்க. அப்புறம் வருசம் போயிக் கலர் பெட்டி வந்துச்சு. அத்தனை பேர் ஒண்ணாப் பயந்து ஒண்ணாச் சிரிக்கறது அதோட போச்சு.

ஜெயராணிக்குக் குழாயை எடுத்து ரெண்டொரு நாள் கழிச்சுத்தான் பேச்சு வந்துச்சு. ஊரில் இருந்து ஆத்தாளும் அப்பனும் வந்திருந்தாங்க. அவங்க சாப்பிடப் போன நேரத்தில் நான் கட்டிலோரமா நின்னுட்டு இருந்தேன்.

"யம்மா, எனக்குக் கண்ணுதான் தொறக்க முடியல. காது நல்லாக் கேட்டுச்சு," அப்படின்னாள்.

"எல்லாமேவா கண்ணு?"

"எல்லாமே. பாண்டியக்கா யாருடி நீன்னு கேக்கும்போதெல்லாம் நான் ஜெயராணி, ஜெயராணின்னுதான் சொன்னேன். அது மூக்குல போயி வேற யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சு. வண்டில போகும்போது எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா. நெசமாவே எனக்குள்ள வேற ஆளு இருக்காகளோன்னு. கத்தணும்னு பாத்தேன். ஒதடு அசையல."

பெட்டியில் எத்தனை பேயைப் பார்த்துப் பயந்திருப்பேன். இப்படி ஒரு பயம் இருக்கும்னு நெனச்சுக்கூடப் பார்த்ததில்லை. கண்ணுகளா, படுத்துக் கெடக்கறவள் கண்ணு மூடியிருந்தாக் காதும் மூடியிருக்குன்னு நெனச்சுப் பேசிராதீங்க. அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டே கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு வண்டியில் அவள் பேரை ஒருத்தரும் சொல்லலை.

அவள் இன்னொண்ணும் கேட்டாள். "நீங்களும் என்னயப் பேயின்னுதான் நெனச்சீகளா?"

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். அவள் ஆத்தாள் முன்னாலே கேட்டிருந்தா அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"பாதி அப்படித்தான் நெனச்சேன் கண்ணு. பாதி, நீதான்னு நெனச்சேன். எது நெசம்னு தெரியாம, ரெண்டு பேரையும்தான் மடியில போட்டுட்டு வந்தேன்."

அவள் மேலே சுத்தற காத்தாடியைப் பார்த்துட்டு இருந்தாள். அப்புறம் மெதுவா உடம்பை நகர்த்தி, கட்டிலில் நான் உட்காரறதுக்கு இடம் விட்டாள்.